இரவல் நாவால் பாடம் சொல்ல முடியாது

(கழுகுமலையில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்துருவம்)

 

ஆசிரியர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு கற்பிப்பு நடையை வளர்த்துக்கொள்வது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றீர்கள். இப்பொருளைப் பேசுதற்குக் கழுகுமலையினும் தக்க இடம் எளிதில் வாய்க்காது. ஏனெனில் இம் மலையே ஒரு பழம்பெரும் பள்ளிக்கூடம்.

மேலே ஏறிப் பாருங்கள். பாறை முகத்தில் வரிசை வரிசையாகச் சமணத் திருவுருவங்கள் அமர்ந்திருக்கின்றன. அவற்றின் அடியில் வட்டெழுத்தில் வெட்டிய சிறுசிறு கல்வெட்டுகள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. இவை கி.பி. 8, 9 ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை. பாண்டியர் ஆட்சிக் காலத்தவை. இவ்வுருவங்களைச் செய்வித்தோர் தெற்கே திருச்சாரணம், கோட்டாறு முதலிய ஊர்களினின்றும் இங்கு வந்திருக்கின்றனர். அக் கல்வெட்டுகளில் குரவர் பெயர்கள் வருகின்றன. குரத்தியர் பெயர்களும் வருகின்றன. குரத்தி என்றால் பாடம் சொன்ன பெண் ஆசிரியர். பெண்களுக்கு எழுத்தே ஆகாதென்று பின்னாளில் பேசிய நாட்டிலே, ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னர்ப் பெண் ஆசிரியர்கள் இக் கரிசற் காட்டில் கற்பித்தனர் என்பதற்கு இப் பாறையே சான்று. இங்கு அமர்ந்திருக்கும் தாய்மார்கள் இதனை நெஞ்சில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அக் கல்வெட்டுகளில் நாம் கருதத்தக்கது இன்னொன்றும் உண்டு. ஒருவர் தம்மைக் குறிக்குங்கால், ‘இன்ன குரவரின் மாணாக்கர், இன்ன குரத்தியின் மாணாக்கர்’ என்று குறித்துக்கொள்கின்றார். எந்த நூலைப் படித்தார், எத்தனை ஆண்டு படித்தார், எத்தனை மதிப்பெண் பெற்றார் என்பதற்கு அங்கு இடமில்லை. யாரிடம் படித்தார் என்பதே கல்லில் நிற்கின்றது. கல்வி என்பது ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்குச் செல்வது என்று அவர்கள் அறிந்திருந்தனர். இன்று நாம் மறந்துவிட்டது இதனைத்தான்.

நடை என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். சாலை எல்லார்க்கும் பொதுவானது. அதன்மேல் நடக்கும் நடை அவரவர்க்கு உரியது. பாடத்திட்டம் சாலை, அதனை அரசு போடலாம். ஆனால் ஒருவர் கால்களைக் கொண்டு மற்றொருவர் நடக்க முடியாது. அதுபோலவே ஒருவர் நாவைக் கொண்டு மற்றொருவர் பாடம் சொல்ல முடியாது.

நடை தனித்திருந்தால் ஒழுங்கு கெட்டுவிடும் என்று அஞ்சுவோர்க்கு இம் மலையின் மறுபுறம் இருக்கும் வெட்டுவான் கோயிலைக் காட்டுவேன். 8 ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து எடுத்த கோயில் அது. பணி முற்றுப்பெறாமல் நின்றுவிட்டது. அதன் விமானத்திலே தென்முகக் கடவுளின் வடிவம் உண்டு. தென்முகக் கடவுள் என்பவர் ஆசிரியத் திருவுருவம். பெரும்பாலான கோயில்களில் அவர் ஆலமரத்தடியில் வாய் திறவாது அமர்ந்து கைக்குறியால் அறிவு புகட்டுவார். இங்கேயோ அவர் கையில் மத்தளம் இருக்கின்றது! சிற்பிகள் தம் தொழில் மரபை விட்டு விலகிவிடவில்லை. அளவு பொது, அமைதி பொது. அந்தப் பொதுமைக்குள்ளே நின்றுகொண்டு, ஆசிரியன் என்பவன் தாளமும் அறிந்தவன் என்று ஓர் உளி சொல்லிவிட்டது. மரபைக் கற்றவனுக்கே அத் துணிவு வரும்.

இனி, இன்றைய நிலைக்கு வருவோம். இன்று ஆசிரியர் கையில் என்ன கொடுக்கப்படுகின்றது? எந்த நாளில் எந்தப் பாடம், அதில் எந்தச் செயல்பாடு, அதற்கு எத்தனை மணித்துளி என்று வரையறுத்த கையேடு கொடுக்கப்படுகின்றது. நடத்தியதற்குச் சான்றாகக் கைப்பேசியிலே பதிவேற்றம் கேட்கப்படுகின்றது. பதிவு சரியாக இருந்தால் பாடமும் சரி என்று கொள்ளப்படுகின்றது. கடைத்தெருவிலோ வினாவும் விடையும் சமைத்து வைத்த உரைநூல்கள் தொங்குகின்றன. அவற்றை ஒப்பித்தால் தேர்ச்சி வந்துவிடும். இவ்விரண்டிற்கும் நடுவே ஆசிரியர் என்னும் ஆள் எங்கே இருக்கின்றார்?

இந்த மண்ணிலே உழவு தெரிந்தவர்கள் இங்கே பலர் இருக்கின்றீர்கள். கரிசலில் மழை பெய்த மறுநாளே ஏர் இறங்குமா? சேறு காலைப் பிடிக்கும். மிகுதியும் காயவிட்டால் கட்டி உடையாது. இரண்டிற்கும் இடையே ஒரு பதம் உண்டு. அது காட்டுக்குக் காடு வேறுபடும். பக்கத்துச் செவலில் வேறு, கரிசலில் வேறு. ‘ஐப்பசி பத்தாம் நாள் எல்லாரும் விதைக்க’ என்று ஓர் ஆணை வந்தால் உழவன் நகைப்பான். ஆனால், ‘ஆடித் திங்கள் பத்தாம் நாள் எல்லாக் குழந்தைகளும் வகுத்தற் கணக்கைக் கற்க’ என்று ஆணை வந்தால் நாம் பதிவேட்டில் கையொப்பம் இடுகின்றோம். விதைக்குள்ள மதிப்பு குழந்தைக்கு இல்லாமற் போயிற்று!

முறைகள் எல்லாம் தீயவை என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு நல்ல முறை, அதனைப் பெற்றெடுத்த ஆசிரியரிடமிருந்து பிரிக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதையே சொல்ல வருகின்றேன். அதற்குத் தமிழ்நாட்டிலேயே உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு.

1789 ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஏதிலிச் சிறுவர்க்கென ஒரு விடுதிப்பள்ளி இருந்தது. அதன் கண்காணிப்பாளர் ஆந்திரூ பெல் என்னும் இசுகாத்துலாந்துக்காரர். அவர் நம் திண்ணைப்பள்ளி ஒன்றைக் கடந்து சென்றபோது, பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். மூத்த மாணவர் இளையோர்க்குச் சொல்லிக்கொடுப்பது நம் திண்ணைகளில் வழக்கம். சட்டாம்பிள்ளை என்போமே, அதுதான். பெல் இதனைத் தம் பள்ளியில் புகுத்த முயன்றார். அவருடைய ஆசிரியர்கள் உடன்படவில்லை. எனவே எட்டு அகவைச் சிறுவன் ஒருவனைக் கொண்டே சிறு பிள்ளைகட்கு எழுத்துக் கற்பித்தார். பின் இங்கிலாந்து சென்று 1797 இல் இதனை நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயரிலேயே அது அங்குப் பரவியது. 1811 இல் தோன்றிய தேசியக் கழகத்தின் பள்ளிகள் அம் முறையிலேயே இயங்கின. நம் திண்ணையின் மணல், கடல்கடந்து இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகட்கு எழுத்தறிவித்தது.

ஆனால், அதன் பின் நிகழ்ந்தது என்ன? ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள். மணியடித்தால் எழுவது, மணியடித்தால் அமர்வது. குறைந்த செலவில் மிகுந்த பேர்க்கு எழுத்து. திண்ணையிலே ஒரு கணக்காயரின் கண்பார்வையில் ஊர்ப் பிள்ளைகள் சிலர்க்கென உயிரோடு இருந்த வழக்கம், அங்கே ஆலை உருளையாக மாறிற்று. அரை நூற்றாண்டிற்குள் அந்நாட்டினரே அது வெறும் ஒப்பித்தல் என்று கண்டு கைவிடத் தொடங்கினர்.

திண்ணைப்பள்ளியை நான் போற்றிப் பாட வரவில்லை. அது எல்லாக் குழந்தைகட்கும் திறந்திருக்கவில்லை, சாதி பார்த்தது, பிரம்பையும் கொடிய ஒறுப்புகளையும் நம்பியது. அவற்றை நாம் மீட்க வேண்டியதில்லை. ஒரு முறைக்கு உயிர், அதனைக் கையாளும் ஆளிடத்திலும் இடத்திடத்திலும் இருக்கின்றது என்பதே நான் எடுத்துக்கொள்ளும் பாடம்.

அண்மைக் காலத்திலும் இதனைக் கண்டோம். ஆந்திரத்து இரிசிவேலியில், பல வகுப்புப் பிள்ளைகள் ஒருங்கே அமரும் சிற்றூர்ப் பள்ளிகட்கென அங்குள்ளோர் அட்டைகளையும் கற்றற் படிநிலைகளையும் உருவாக்கினர். அதனை முன்மாதிரியாகக் கொண்ட செயல்வழிக் கற்றல் 2003 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலும், 2007-08 இல் தமிழ்நாடு முழுமையும் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் வந்தது. நன்மை விளையாமலில்லை. ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கிப் பிள்ளைகளோடு பாயில் அமர்ந்தார். குழந்தைகளின் அச்சம் குறைந்தது. ஆனால் அட்டைகள் அச்சடித்து வந்தன. அவற்றைத் தம் ஊருக்கேற்பத் தாமே செய்துகொள்ளும் உரிமையும் ஓய்வும் ஆசிரியர்க்கு வரவில்லை. அதன் பின் 2022 இல் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. நாளை வேறொன்று வரும். முறைகள் வரும், போகும். ஆசிரியர் முப்பது ஆண்டு அங்கேயே இருப்பார். ஆகவே எந்த முறை வந்தாலும் அதனைத் தன்வயப்படுத்திக்கொள்ளும் ஆற்றல் ஆசிரியரிடத்தில் இருந்தாலன்றிப் பிள்ளைகட்குப் பயனில்லை.

இதனை நம் முன்னோர் அறியாதவரல்லர். பவணந்தியார் சமண முனிவர். 13 ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்டுகோட்கிணங்க நன்னூல் செய்தவர். எழுத்தையும் சொல்லையும் தொடங்கு முன், ஆசிரியர் எப்படியிருத்தல் வேண்டும், பாடம் எப்படிச் சொல்லல் வேண்டும் என்று பாயிரத்திலேயே வகுத்தார். காலமும் இடமும் கருதி, கேட்பவன் எவ்வகையில் கொள்வானோ அவ்வகையை அறிந்து சொல்ல வேண்டுமென்பது அவர் கருத்து. வந்தவன் எப்படிக் கொள்வான் என்பதை ஆணை எழுதும் அலுவலர் அறிய முடியுமா? எதிரில் இருக்கும் ஆசிரியர்தாம் அறிய முடியும்.

ஆசிரியராகத் தகாதவர்க்கு அவர் நான்கு உவமை காட்டினார்: கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு. இந்நான்கையும் இக் கரிசற்காட்டுப் பிள்ளைக்கும் விளக்க வேண்டுவதில்லை. ஆனால் நாம் நம்மையே அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கழற்குடம் என்பது கழற்சிக் காய்களை ஒவ்வொன்றாக இட்டு நிரப்பிய குடம். கவிழ்த்தால் இட்ட ஒழுங்கில் வாராது, கண்டபடி கொட்டும். நிரம்பக் கற்றும், எதை முன்சொல்வது எதைப் பின்சொல்வது என்றறியாத ஆசிரியர் இவர். உரைநூலைப் பார்த்துக் கொட்டுவோரும் இவ்வினத்தவரே.

மடற்பனையின் கருக்கு யாரையும் அணுக விடாது. பழம் தானே விழுந்தால் பொறுக்கலாம், அவ்வளவே. பிள்ளை எழுந்து ஓர் ஐயம் கேட்டால் கண் சிவக்கும் ஆசிரியர் இவர். இவர் வகுப்பில் அமைதி இருக்கும், கல்வி இராது.

பருத்திக்குண்டிகை, குறுகிய வாயுள்ள கலத்தில் பஞ்சைத் திணித்து வைத்தது. திணிப்பதும் அரிது, எடுப்பதும் அரிது. தாம் கற்ற நாளில் எப்படித் திணிக்கப்பட்டதோ அப்படியே வைத்துக்கொண்டு, பிள்ளைக்குத் தேவையான ஒரு நூலிழையைக்கூடப் பிரித்தெடுக்க இயலாதவர் இவர். பருத்திக் காட்டுக்காரர் நமக்கு இவ்வுவமையின் கூர்மை நன்கு விளங்கும். பஞ்சு எவ்வளவு இருந்தாலும் நூற்கத் தெரியாதவனுக்கு ஆடை இல்லை.

முடத்தெங்கு என்ன செய்யும்? ஒருவன் நீர் ஊற்றி வளர்ப்பான்; அது வேலிக்கு அப்பால் சாய்ந்து வேறொருவன் முற்றத்தில் காய் உதிர்க்கும். தமிழ் மக்களின் வரிப்பணத்தில் ஊதியம் பெற்றுக்கொண்டு, தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழில் விளங்க வைக்கும் கடமையை விட்டுவிட்டு, ‘இதை ஆங்கிலத்தில் சொன்னால்தான் புரியும்’ என்று கைவிரிப்பவர் யாரோ அவரே முடத்தெங்கு. இதனைக் கடுஞ்சொல் என்று கருதாதீர்கள்; உவமை பவணந்தியாருடையது.

சரி, தனக்கென நடை வளர்த்துக்கொண்ட ஆசிரியர் ஒருவரைக் காட்டுக என்று கேட்பீர்கள். வெகுதொலைவு போக வேண்டியதில்லை. இங்கிருந்து மேற்கே ஏறத்தாழ 12 கல் தொலைவில் சங்கரன்கோவில். அங்கே 1902 ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்கள் 7 ஆம் நாள் பிறந்தவர் மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர். அவர் முதன்முதல் ஆசிரியப் பணி ஏற்றது இராசபாளையத்தை அடுத்த முறம்பில், 1919 இல். அங்கே இன்று அவர் பெயரால் பாவாணர் கோட்டம் நிற்கின்றது. பின்னர் ஆம்பூர், மன்னார்குடி, திருச்சி என்று உயர்நிலைப் பள்ளிகளில் கற்பித்தார். 1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியில் இருந்தார். அங்கே அவரிடம் பயின்றவர்தாம் நம் பாவலரேறு பெருஞ்சித்திரனார்.

பாவாணரை நாம் மொழிநூல் மூதறிஞராகவே நினைக்கின்றோம். அவர் முதலில் பள்ளி ஆசிரியர் என்பதை மறந்துவிடுகின்றோம். அவர்தம் ஆராய்ச்சி நூலகத்தில் மட்டும் விளைந்ததன்று. ஒரு சொல்லை வகுப்பில் சொல்லும்போது, அதன் வேர் எது, அதன் கிளை எது, அதனோடு பிறந்த சொற்கள் எவை என்று காட்டுவது அவர் வழி. கட்டுரை எழுதத் திணறும் மாணவர்க்கெனக் கட்டுரை வரைவியல் எழுதினார்; இசையறிவு உடையவராதலால் சிறுவர்க்குப் பாடல் புனைந்தார். தமக்குள் என்ன இருந்ததோ, அதனைக் கருவியாக்கிக்கொண்டார். மத்தளம் தெரிந்தவன் மத்தளத்தை எடுத்தான்; சொல்லின் வேர் தெரிந்தவர் வேரை எடுத்தார்.

தமிழின் சொல்வளம் பற்றிய அவர் கட்டுரை இன்று பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் உள்ளது. நிலைத்திணையின் அடிப்பகுதிக்குத் தமிழில் எத்தனை பெயர்கள்! நெல்லுக்குத் தாள், கீரைக்குத் தண்டு, மிளகாய்ச் செடிக்குக் கோல், கம்புக்கும் சோளத்துக்கும் தட்டை, கரும்புக்குக் கழி, மூங்கிலுக்குக் கழை, புளிக்கும் வேம்புக்கும் அடி. இப்பாடத்தை இரு வகையாக நடத்தலாம். பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, ‘மனப்பாடம் செய், ஒரு மதிப்பெண் வினா வரும்’ என்று முடித்துவிடலாம். அல்லது, ‘உன் வீட்டில் கம்பு அறுத்தபின் மாட்டுக்குப் போடுவதை என்னவென்று சொல்வாய்?’ என்று கடைசி வரிசைப் பிள்ளையைக் கேட்கலாம். அவன் ‘தட்டை’ என்பான். அந் நொடியில் அவன் அறிவான்: தன் தாய் பேசுவது பாடநூலில் இருக்கின்றது, பாடநூல் பேசுவது தன் தாயின் மொழி. அதற்குப் பின் அப்பிள்ளையைத் தமிழிலிருந்து யாராலும் பிரிக்க முடியாது.

இந்த இடத்தில், தனித்தமிழ் அன்பர்களாகிய நமக்குள்ளேயே ஒன்று பேசிக்கொள்ள வேண்டும். பிள்ளையின் வாயில் வரும் ஊர்ச்சொல்லைக் கேட்டவுடன் ‘கொச்சை’ என்று தலையில் குட்டும் பழக்கம் நம்மில் சிலர்க்கு உண்டு. திரிந்த ஒலிப்பைத் திருத்துக, அது கடமை. ஆனால் சொல்லைத் தூக்கி எறியாதீர். ஊர்ப்புறத்து மக்களின் வழக்கில் தூய தமிழ்ச் சொற்கள் மிகுதியும் வாழ்கின்றன என்று பாவாணர் வாழ்நாளெல்லாம் வலியுறுத்தினார். சென்னைப் பல்கலைக்கழக அகரமுதலி அவற்றைத் தொகுக்காமல் விட்டதைக் கண்டித்து நூலே எழுதினார். நகரத்துப் பிள்ளை வேற்றுமொழிச் சொல் கலவாமல் ஒரு தொடர் பேச இடர்ப்படுகின்றது. காட்டில் வேலை செய்யும் பாட்டி, மண்ணையும் பயிரையும் மழையையும் பற்றி நாள் முழுதும் நற்றமிழில் பேசுகின்றாள். தூய்மை அவளிடம் இருக்கின்றது. நாம் அவளிடம் பாடம் கேட்க வேண்டும்.

கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த கி. இராசநாராயணன் 1982 இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை வெளிக்கொணர்ந்தார். அவர் மிகுதியும் பள்ளி சென்றவரல்லர். அவர் வீட்டிலோ தெலுங்கு வழங்கியது. நம் வகுப்புகளிலும் வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள் இருக்கின்றனர். அவர்களைத் தமிழுக்கு வெளியே நிறுத்தாதீர்கள். அன்போடு அழைத்தால் அவர்களும் இம்மண்ணின் தமிழைக் காப்பார்கள் என்பதற்கு இடைசெவலே சான்று.

இனி, செய்வது எப்படி? சிலவற்றைச் சொல்கின்றேன். இவை ஆணைகளல்ல, எடுத்துப் பார்த்து, உங்கட்குப் பொருந்தாவிடின் விட்டுவிடுங்கள்.

முதலாவது, பிள்ளைகளின் வீட்டை அறியுங்கள். இப்பகுதியில் தீப்பெட்டித் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் மிகப் பல. அவ்வீடுகளில் பெட்டியைக் குரோசுக் கணக்கில் எண்ணுவர். ஒரு குரோசு என்பது 144. பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்குதல் என்று பாடநூல் சொல்வதை அப்பிள்ளையின் தாய் ஒவ்வொரு நாளும் கையால் செய்கின்றாள். அந்தக் கையிலிருந்து கணக்கைத் தொடங்குக. ஆனால் அப்பிள்ளை அந்தத் தொழிலுக்கே திரும்பிப் போகவேண்டும் என்பதற்காகவன்று; எத் தொழிலுக்கும் போகும் உரிமை பெறுவதற்காக. சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளில் பிள்ளைகள் உழன்ற கொடுமை உச்சநீதிமன்றம் வரை சென்று 1996 இல் தீர்ப்பு வந்தது என்பதை நாம் மறத்தற்கில்லை.

இரண்டாவது, கண்முன் இருப்பதைப் பாடநூலுக்கு முன்னர் வையுங்கள். கோடையில் கரிசல் வெடித்து, கால் நுழையும் அளவுக்குப் பிளக்கின்றது. மழை பெய்தால் அதே மண் பருத்து மூடிக்கொள்கின்றது. ஏன் என்று பிள்ளை வியக்கும்போது, நீரை உண்டு விரியும் களிமண்ணின் இயல்பைச் சொல்லுங்கள். வரலாற்றைக் கற்பிக்க இம் மலை இருக்கின்றது. வட்டெழுத்தின் முன் பிள்ளையை நிறுத்துங்கள்; ‘இதுவும் தமிழே; ஏன் உன்னால் படிக்க முடியவில்லை?’ என்று கேளுங்கள். எழுத்து வடிவம் மாறும், மொழி தொடரும் என்பதை அக் கேள்வியே கற்பித்துவிடும்.

மூன்றாவது, உங்கட்கென ஒரு சுவடி வைத்துக்கொள்ளுங்கள். அலுவலர்க்குக் காட்டும் பாடக்குறிப்பேட்டை நான் சொல்லவில்லை. இன்று எந்த விளக்கம் சென்று சேர்ந்தது, எது சேரவில்லை, எந்தப் பிள்ளை எந்தச் சொல்லில் தடுக்கினான் என்று நான்கு வரி எழுதி வாருங்கள். ஓராண்டு கழித்துப் படித்தால் உங்கள் நடை உங்கட்கே தெரியும்.

நான்காவது, அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் போய் அமருங்கள். நம் நாட்டில் உழவன் பக்கத்துக் காட்டைப் பார்த்துக் கற்கின்றான். சிற்பி பக்கத்துப் பட்டறையைப் பார்த்துக் கற்கின்றான். ஆசிரியர் மட்டும் முப்பது ஆண்டு நான்கு சுவர்க்குள் தனியராய் நின்று ஓய்வு பெறுகின்றார். பிறர் நடையைப் பார்ப்பது அதனைப் படியெடுப்பதற்கன்று. தன் நடையின் கோணலைத் தெரிந்துகொள்வதற்கு.

ஐந்தாவது, பாட வல்லவர் பாடுங்கள்; வரைய வல்லவர் வரையுங்கள்; கதை சொல்ல வல்லவர் கதை சொல்லுங்கள். இவை ஒன்றும் வாராதவர், பிள்ளை சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள். கேட்கத் தெரிந்த ஆசிரியரினும் சிறந்த ஆசிரியர் இலர்.

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். தனிநடை என்பது மனம்போன போக்கன்று. ‘இதுதான் என் வழி’ என்று சொல்லிக்கொண்டு பாடத்தைப் புறக்கணிப்பதும், வகுப்பைத் தன் புகழ் பேசும் மேடையாக்குவதும், பிரம்பைத் தன் நடையாகக் கொள்வதும் நடையாகா. பவணந்தியார் ஆசிரியர்க்கு நல்லுவமையாகக் காட்டியவற்றுள் ஒன்று நிறைகோல். எந்த நடைக்கும் ஒரே நிறைகோல்தான் உண்டு: வீட்டில் பொத்தகமில்லாத, கேட்டுச் சொல்ல ஆளில்லாத, கடைசி வரிசைப் பிள்ளை கற்றதா இல்லையா என்பதே அது. முதல் வரிசைப் பிள்ளை எந்த ஆசிரியரிடமும் கற்றுவிடும். அதனைக் கொண்டு நம்மை அளந்துகொள்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

தோழர்களே! இது வெறும் கற்பிப்பு நுட்பம் பற்றிய செய்தியன்று. தமிழின் வாழ்வு இதில் அடங்கியிருக்கின்றது. 1968 இல் இருமொழிக் கொள்கையை வென்றெடுத்தோம். 2006 இல் தமிழ் கற்பித்தல் சட்டம் வந்து, பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம் என்றாயிற்று. 2010 இல் தமிழ்வழிக் கற்றோர்க்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டமும் வந்தது. இவற்றிற்காக உயிர் ஈந்தோரும் உழைத்தோரும் உண்டு. ஆயினும் உழவரும் கூலியாளரும் கடன்பட்டுக் கட்டணம் கட்டி ஆங்கிலவழிப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புகின்றனர். அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சட்டம் தமிழை வகுப்பறை வாயில் வரையில்தான் கொண்டுவரும். அங்கிருந்து பிள்ளையின் உள்ளத்துக்குள் கொண்டுசெல்வது ஆசிரியரின் நா. அந்த நா இரவலாக இருந்தால், தமிழ்வழிக் கல்வி பெயரளவில் தமிழாகவும் உள்ளீட்டில் உலர்ந்த சருகாகவும் இருக்கும், பெற்றோர் விலகுவர். தமிழ்வழியில் படித்த பிள்ளை தெளிவாகச் சிந்திக்கின்றது, துணிந்து கேட்கின்றது, தடையின்றி எழுதுகின்றது என்று ஊர் கண்ணால் கண்டால், விளம்பரம் வேண்டுவதில்லை; பள்ளி தானே நிரம்பும்.

ஆகவே நாளைக் காலை வகுப்பிற்குச் செல்லும்போது கையேட்டை எடுத்துச் செல்லுங்கள்; அதனோடு உங்களையும் எடுத்துச் செல்லுங்கள். ஒரே ஒரு பாடத்தை, ஒரே ஒரு மணிநேரம், உங்கள் சொல்லில், இம்மண்ணின் பொருள்களைக் கொண்டு, தூய தமிழில் நடத்திப் பாருங்கள். பிள்ளைகளின் கண் உங்கட்கு விடை சொல்லும். அவ்விடை நன்றாக இருந்தால் மறுநாளும் நடத்துங்கள். நன்றாக இல்லையேல் மாற்றி நடத்துங்கள். இப்படி நூறு நாள் நடந்தால் அதுவே உங்கள் நடை. இப்படி நூறு ஆசிரியர் நடந்தால் அதுவே தமிழ்க் கல்வியின் மீட்சி.

வாழ்க ஆசிரியர் குலம்! வெல்க தமிழ்வழிக் கல்வி! வாழ்க செந்தமிழ்!